புதுவயல் பொன்னழகியின் கண்கள்

புதுவயல் அரிசி ஆலையில்
பன்னிரண்டு வருஷம் உமிக்கு நடுவில் நின்றவள்.
பித்தப்பையில் கல்.
மேசையில் படுத்ததும் பொன்னழகி கேட்டது
கல்லைப் பற்றி இல்லை.

"தூங்குறப்ப எனக்குக் கண்ணு பாதி தொறந்தே கெடக்குமாம்.
எங்க வீட்டுக்காரரு பயந்து பயந்து எழுப்புவாரு.
பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன்.
மயக்கத்தில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான்.

காரைக்குடியில் இந்தத் தியேட்டரில்
எனக்கு இது ஒன்பதாவது வருஷம்.
டாக்டர் ஊசி போடுவார், குழாய் இறக்குவார்.
தலைமாட்டில் நின்று எடுத்துக் கொடுப்பவள் நான்.

வெள்ளை மருந்து நரம்பில் ஏறுகிறது.
எண்ணச் சொன்னோம்.
அவள் ஒன்று என்று தொடங்கவில்லை,
நெல் அளக்கிற வாய்.
"லாபம்... ரெண்டு... மூ"

இமைமுடியை விரல்நுனியால் தொடுகிறேன்.
சிலிர்ப்பு இல்லை.
வீட்டுக்காரர் சொன்னது சரிதான்:
இடது கண்ணில் நகக்கீற்று அகலத்துக்கு
வெள்ளை தெரிகிறது.

வீட்டுத் தூக்கத்தில்
விழி மேலே செருகி ஒளிந்துகொள்ளும்.
இது வீட்டுத் தூக்கம் இல்லை.
நீர் ஊறாது, இமை துடிக்காது.
இப்போது ஒரு மூட்டை உமியைக் கொட்டினாலும்
அவளுக்குத் தெரியாது.
கண்ணை இமை காக்கும் என்கிறார்கள்.
இமைக்கும் சேர்த்து மருந்து கொடுத்துவிட்டோமே.

கோவிலூர் சோலையப்பனுக்குக் குடலிறக்கம்.
விழித்ததும் அவர் வயிற்றைத் தொடவில்லை.
"கண்ணுல மண்ணு" என்றார்.
நாங்கள் தூவியதுதான்.
என் கழுத்தில் தொங்கிய அட்டை,
என் பெயர், என் போட்டோ, என் ரத்த வகை,
குனிந்தபோது அவர் விழியில் உரசியிருக்கிறது.
பிளாஸ்திரி ஒட்டுவதற்கு முந்தைய
அரை நிமிஷத்தில்.
கண் டாக்டர் சொட்டு விட்டு நீல விளக்கு அடித்தார்:
கருவிழியில் பச்சையாய் ஒரு கீறல்.
குருணை நீளம்கூட இல்லை.

மூன்று நாளில் ஆறிவிட்டது.
அந்த மூன்று நாளும் கடையில்
யாரோ பேரேட்டைப் படிக்க
இவர் ஒற்றைக் கண்ணோடு தலையாட்டினாராம்.
என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

இப்போதெல்லாம் அட்டை அலமாரியில்.
கைக்கடிகாரமும்.
மேல் இமையை இறக்குகிறேன்,
முடி உள்ளே மடங்கவில்லை என்று பார்த்து
குறுக்காக ஒட்டுகிறேன்.
புது சர்ஜன் கடிகாரத்தைப் பார்க்கிறார்.
"என்னம்மா, கண்ணுக்கா ஆபரேஷன்?"
அடுத்த கண்ணுக்குப் பிளாஸ்திரி கிழிக்கிறேன்.

நடுவில் தலைப்பக்கம் மேசையை உயர்த்தினார்கள்.
பச்சைத் துணிக்குள் குனிந்து
இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.
யாரும் கவனிக்கவில்லை, நல்லது.

நாலு கல். துவரம்பருப்பு அளவு.
புட்டியில் போட்டு மூடியாயிற்று.

உரிக்கும்போது மேலிருந்து கீழாக.
அப்படியும் ஓர் இமைமுடி
பிளாஸ்திரியோடு வந்துவிட்டது.

அப்புறம்தான் அந்தக் கை எழுந்தது.
விரலில் மாட்டிய கிளிப் சிவப்பாக எரிய
பாதி மயக்கத்தில் நேரே கண்ணுக்குப் போகிறது,
பன்னிரண்டு வருஷமாய் உமி தட்டிய கை.
எட்டிப் பிடித்தேன்.
நல்ல பலம் அவளுக்கு.
இழுக்க இழுக்க விடாமல்
பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வரும்வரை
பிடித்துக்கொண்டே நின்றேன்.

சாயங்காலம் வார்டில்
கஞ்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:
"எல்லாம் கனவாட்டம் இருக்கு.
ஆனா நீங்க என் கையப் புடிச்சுக்கிட்டே நின்னீக.
அது மட்டும் தெரியுது.
அப்படி யாரும் புடிச்சதில்ல."

என்ன சொல்வது.
"கண்ணு உறுத்துதா?" என்றேன்.

"இல்லையே, ஏன்?"

சும்மாதான் என்றேன்.